பின்கயிறு

"கயிறு பிடிக்கிறவன் தன் கையைத்தான் பாக்கணும், கண்ண வந்து..." என்று நேற்றுக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் சிங்காரவேலு ஆரம்பித்தாரே, அந்தக் கண்ணை வந்து என்ன செய்யச் சொன்னார்? எடுக்கக் கூடாது என்றாரா, வைக்கக் கூடாது என்றாரா? காலையிலிருந்து இளம்பரிதிக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி நாக்கை இழுத்துக்கொண்டே இருந்தது. பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பேசிக்கொண்டே வந்து வாக்கியம் முடிகிற இடத்தில் தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார், மிச்சம் துண்டோடு போய்விடும். ஆனால் அதற்கு அடுத்தபடியாக அவர் சொன்னது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "இந்த வருஷம் பால்குடத்துக்குப் பின்கயிறு நம்ம பரிதி தம்பி கையில. படிச்சவரு, வெளிநாடு பாத்தவரு, ரெண்டு பாஷையிலயும் மரியாதையா நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவரு. பொம்பளைங்களுக்குப் பின்னால நிக்கிறதுக்கு இப்படி ஒரு ஆளுதான்யா வேணும்." கைதட்டினார்கள். முப்பது பேராவது இருக்கும். யாரோ முதுகில் தட்டினார்கள், யாரோ டீயை நீட்டினார்கள், அவன் எழுந்து நின்று கும்பிட்டான், உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவிப் பார்த்து உட்கார்ந்தான், வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வந்தான் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ராசப்பன் சலூனில் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டபோதும் நெஞ்சு அந்தக் கைதட்டலின் வேகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. சந்தோஷம். சந்தோஷம்தானே? மூன்று வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்து அக்கா வீட்டு மாடியறையில் ஒதுங்கினவன், நாற்பத்தெட்டு வயதில் கட்டிலும் இல்லாமல் பாயில் படுத்தவன், பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்து அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறிய அந்த ஒரு மூலதனத்தை வைத்துத் தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கல்லூரிப் படிவம் நிரப்பிக் கொடுத்து, மெல்ல மெல்ல "சார்" ஆனவன், கடைசியில் இன்றைக்கு ஊர் தன் திருவிழாவை நம்பிக் கையில் கொடுக்கிற ஆள். சந்தோஷம் இல்லாமல் வேறென்ன? வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆற்றங்கரையிலிருந்து மேட்டுத்தெரு மாரியம்மன் கோயில்வரை ஒன்றேகால் கிலோமீட்டர். முந்நூறு பெண்கள், மஞ்சள் புடவை, தலையில் பால்குடம். நடுவழியில் குடத்தை இறக்கக் கூடாது, பால் சிந்தக் கூடாது, பம்பைக்காரன் அடித்துக்கொண்டே முன்னால் போவான், கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கும், அதனால் ஆண்கள் சுற்றிலும் கயிறு பிடித்து நகரும் வேலி மாதிரி கூடவே நடப்பார்கள். முன்கயிறு, பக்கக்கயிறு இரண்டு, பின்கயிறு. கடைவீதி முனையில் தெரு பன்னிரண்டு அடியாகச் சுருங்கும். அங்கே வேலி என்பது பேச்சுக்குத்தான். பின்கயிறு பிடிக்கிறவனின் மூச்சு முன்னால் போகிறவளின் கழுத்தில் படும். அவளுடைய இரண்டு கையும் குடத்தில் இருக்கும். தலைக்கு மேலே. இறக்க முடியாத கைகள், முந்நூறு ஜோடி.

அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் சூடு இருந்தது, அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியில் இருக்குமே, அந்த மாதிரி. ஊரில் யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. ஊர் நினைப்பதுபோல் காண்ட்ராக்ட் முடிந்து வந்தவனில்லை அவன். ரயிலில், ஆபீஸ் விடுகிற நேரத்து நெரிசலில், முன்னால் நின்ற பெண்ணோடு தன் உடம்பை ஒட்டி உரசினதற்காக ஐந்து மாதம் சிறையில் இருந்துவிட்டு, வேலை உரிமம் ரத்தாகி, விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டு வந்தவன். பிடிபட்டது அந்த ஒரு தடவை. அதற்கு முன்னால் எத்தனை என்று திருச்சி மனநல டாக்டர் மெஹருன்னிசா கேட்டபோது அவன் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு எண் சொன்னான், அவர் எழுதவில்லை, பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார், அவன் இன்னொரு எண் சொன்னான், அப்போதும் எழுதவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, ஃப்ரோட்டூரிசம், வாசனைத் திரவியக் குப்பியில் ஒட்டுகிற பெயர் மாதிரி. அந்தப் பெயர் கிடைத்த அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்டதும் சந்தோஷம்தான். நோய்! அப்படியானால் இது நான் இல்லை, எனக்கு வந்தது. டாக்டர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல். "நோய்தான் பரிதி. விருப்பமில்லாத ஒருத்தர்மேல உரசறதுலதான் கிளர்ச்சி, அது திரும்பத் திரும்ப வருது, அதுக்காகவே வாழ்க்கைய வளைச்சு வச்சிருக்கீங்க. மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு, குறையும். ஆனா ஒண்ணு. தூண்டுதல் வர்றது நோய். அடி எடுத்து வச்சு பக்கத்துல போறது நீங்க."

"சார், கொஞ்சம் தாடைய நிமித்துங்க." ராசப்பன் இரண்டு விரலால் அவன் முகவாயைத் தொட்டுத் தூக்கினான். தொடுவதற்கு முன்னால் சொன்னான். சலூனில் எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார்கள், காதைத் திருப்புவதற்கும் தலையைச் சாய்ப்பதற்கும், இதைப்போய் இன்றைக்குக் கவனிப்பானேன். நுரை குளிர்ச்சியாக ஏறியது. பின்னால் பெஞ்சில் பேப்பர் மடிப்பது கேட்டது, ஓய்வு பெற்ற கண்டக்டர் உலகநாதன், தலையில் முடி இல்லாவிட்டாலும் தினமும் வந்து உட்கார்ந்திருப்பவர். "என்ன பரிதி சார், பின்கயிறாமே! ஊருக்கே மாப்பிள்ள இன்னைக்கு நீங்கதான்." "அவரு மாப்பிள்ளைன்னா நீங்க என்னண்ணே, தோழனா?" என்றான் ராசப்பன். "நான் எல்லாம் கூட்டத்த முப்பத்திரண்டு வருஷம் மேய்ச்சவன்டா. எங்க பதினேழாம் நம்பர் வண்டியில ஒருத்தன் வருவான் பாரு, இஸ்திரி போட்ட சட்டை, கையில ஃபைலு, ஆபீசர் கணக்கா இருப்பான். காலியா வண்டி வந்தா ஏறமாட்டான். விட்டுருவான். பின்னாடி நெரிசலா ஒண்ணு வரும் பாரு, அதுக்குத்தான் நிப்பான். இடிமன்னன்னு பேரே வச்சாச்சு. படியில ஏறுறப்பவே நான் குரல் கொடுப்பேன், 'மன்னா, உள்ளே எழுந்தருளுங்க!' வண்டியே சிரிக்கும்." இளம்பரிதியும் சிரித்தான். வாய் தானாகத் திறந்து சிரித்தது, நுரை உள்ளே போய்க் கசந்தது. ராசப்பன் சிரிக்கவில்லை. கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, "வண்டியே சிரிக்குமாண்ணே? பொம்பளைங்களுமா?" என்றான். "அட, அதுங்க ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கும்" என்று சொல்லிவிட்டு உலகநாதன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, டீ சொல்லிவிட்டு வருவதாகப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

காலியாக வந்த வண்டியை விட்டுவிட்டு. ஐயோ, அதுதான், அதேதான், இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்துகொண்டே முப்பத்திரண்டு வருஷம் சிரித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தாரா? டாக்டர் மூன்று மாதம் போராடி வெளியே கொண்டுவந்த விஷயத்தை இந்த ஆள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கூட்டம் தள்ளியது, கூட்டம் நெருக்கியது, கூட்டத்தில் பட்டுவிட்டது: அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான், போலீஸிடமும் வக்கீலிடமும் தன்னிடமும். "கூட்டத்துக்கு உடம்பு கிடையாது பரிதி, உங்களுக்குத்தான் இருக்கு" என்று ஒரு நாள் டாக்டர் சொல்லிவிட்டு, பிடிபட்ட அன்று எத்தனை ரயிலை விட்டீர்கள் என்று கேட்டார். இரண்டு. இரண்டும் உட்கார இடமிருந்த ரயில்கள். நடைமேடையில் நின்றுகொண்டு, கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு, காதுக்குள் ரத்தம் இரைய மூன்றாவதுக்குக் காத்திருந்தான். அன்றைக்கு என்ன நாள்? அன்றைக்குக் காலையில்தான் அவனைக் குழுத் தலைவனாக ஆக்கியிருந்தார்கள். கேக் வெட்டினார்கள். கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! நெஞ்சு இதே வேகத்தில்தான் அடித்தது. டாக்டர் ஒரு தாளில் அவனையே தேதிகளை எழுதச் சொன்னார், நினைவிருக்கிற தேதிகளை மட்டும், எழுதிப் பார்த்தால் ஒன்றுகூடத் துக்க நாள் இல்லை. சம்பளம் உயர்ந்த நாள், வீடு மாறிய நாள், ஊரிலிருந்து நல்ல செய்தி வந்த நாள். "மத்தவங்களுக்கு நான் மனசு சரியில்லன்னா போன் பண்ணச் சொல்வேன். நீங்க சந்தோஷமா இருந்தா பண்ணுங்க. உங்களுக்குச் சந்தோஷமும் அந்தத் தூண்டுதலும் ஒரே வாசல் வழியா வருது." மூன்று வருஷத்தில் ஏழு தடவை போன் செய்திருக்கிறான். தங்கை மாதிரி இருந்த ஒருத்திக்குக் கல்யாணம், செய்தான். அக்காள் மகன் பாஸ், செய்தான். நேற்று ராத்திரி? சட்டைப் பையில், இந்த வெள்ளைத் துணிக்குக் கீழே, விலா எலும்பில் இடித்துக்கொண்டு போன் இருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் இருந்தது. ஏன் செய்யவில்லை? மறந்துவிட்டாயா? நேரமாகிவிட்டது, தூங்கியிருப்பார், காலையில் கிளினிக்கில் கூட்டம் இருக்கும்... எவ்வளவு மரியாதையான காரணங்கள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான் ராசப்பன். குரலைத் தாழ்த்தியிருந்தான். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "அந்தண்ணன் இருந்ததால பேசல. போன வருஷம் எங்க வீட்டுக்காரி குடம் எடுத்தா. தமயந்தி. உங்களுக்குத் தெரியுமே, அவ தம்பிக்குக்கூட நீங்கதான் பாஸ்போர்ட் ஃபாரம் போட்டுக் குடுத்தீங்க. கடைவீதி முனையில ஏதோ ஒரு நாயி சார், பின்னாலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கான். அந்த முனையிலேருந்து கோயில் மண்டபம் வரைக்கும். இவ என்ன பண்ணுவா, ரெண்டு கையும் மேல. கத்துனா பம்பைச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? குடத்தப் போட்டா சாமி குத்தம்னு ஊரு இவளத்தான் சொல்லும். விடல சார் அவ. கொண்டுபோயி அம்மனுக்கு ஊத்திட்டுத்தான் வந்தா. வந்தவ பாத்ரூமுக்குள்ள உக்காந்து ஒரு மணி நேரம் தண்ணிய ஊத்திக்கிறா, ஊத்திக்கிறா. என்னாடின்னா, 'கூட்டம்'ங்கறா. பத்து நாள் கழிச்சுத்தான் சொன்னா. அந்தப் புடவைய அடுப்புல போட்டுட்டா, அம்மனுக்குக் கட்டுன புடவைய." கத்தி காதோரத்திலிருந்து இறங்கி, கன்னத்தில் ஒரு நேர்கோடு போட்டு, தாடைக்கு வந்தது. "இன்னைக்கு வரைக்கும் ரேஷன் கடையில வரிசையில நிக்க மாட்டா சார். சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டு ஓரமா நிப்பா, கடைசி ஆள் போனப்புறம் போவா. என் பக்கத்துலயே திடீர்னு நின்னு திரும்பிப் பாப்பா. நான்தாண்டின்னா, 'தெரியும்'பா. தெரியுது, ஆனாலும் திரும்புறா. எவன்னு மட்டும் தெரிஞ்சுது..." கத்தி கழுத்துக்கு வந்திருந்தது.

நான் இல்லை. மின்னல் மாதிரி வந்த முதல் நினைப்பு அது, அவ்வளவு இனிப்பாக, அவ்வளவு அவசரமாக. போன வருஷம் அந்த நாளில் டாக்டர் சொன்னபடி மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பம்பைச் சத்தம் தெருவோடு வந்து தெருவோடு போகும்வரை ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அக்கா சாட்சி. நான் இல்லை! கண்ணாடியில் தன் முகம் நிம்மதியாவதை அவனே பார்த்தான், நுரைக்கு நடுவே அந்தக் கண்கள் ஒளிர்வதை. இந்தத் தடவை இல்லை என்பதில் எவ்வளவு குதூகலம். அப்படியானால் மற்றத் தடவைகளில் பாத்ரூமுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்கள்? அவர்கள் எந்த ஊரில், எந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று அவன் நம்பினான், பத்தொன்பது வயதிலிருந்து நம்பினான், கல்லூரி பஸ்ஸில் தொடங்கிய நாளிலிருந்து: கூட்டம், பை, குடை, யாருடைய முழங்கையோ, அவர்கள் கவனிக்கவே இல்லை, யாருக்கும் எதுவும் குறையவில்லை. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள், கௌரவமாக வேண்டாம் என்றான். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் படித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தான், அறிக்கை கேட்கிற மாதிரி, கண்ணாடிக்கு அந்தப்புறம் மழை பெய்கிற மாதிரி. டாக்டர் மெஹருன்னிசாதான் அந்த வாக்குமூலத்தின் நகலை எதிரில் வைத்து, "இத நீங்களே உங்க கையால தமிழ்ல எழுதிக்கிட்டு வாங்க" என்றார். அரைப் பக்கம்தான். பதினோரு நாள் ஆயிற்று. 'மூன்று நிறுத்தம்வரை அது யாருடைய பையோ என்று நினைத்தேன். பையாகத்தான் இருக்கவேண்டும் என்று என்னை நானே கெஞ்சிக்கொண்டிருந்தேன். முதல் நொடியிலேயே எனக்குத் தெரியும்.' இதை எழுதிவிட்டுப் பேனாவை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தான். ஆங்கிலத்தில் கேட்டபோது அது யாரோ ஒருத்தியின் குரல். தமிழில் அக்காவின் குரலில் வந்தது. 'இப்போது நாற்பது நிமிடம் முன்னால் கிளம்புகிறேன், ரயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. எனக்குப் பின்னால் எத்தனை காலடி என்று எண்ணிக்கொண்டே நடக்கிறேன். எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.' முதல் நொடியிலேயே தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும்.

"அதனால சார்" என்றான் ராசப்பன், மறு கன்னத்துக்குச் சுற்றி வந்து, குரலே மாறி, கொஞ்சம் வெட்கத்தோடு, கொஞ்சம் உற்சாகத்தோடு. "நேத்து ராத்திரி நான் போயி, பின்கயிறு பரிதி சாராம்னேன். ஒரு வருஷமா அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போறவ, உக்காந்து கேக்கறா. 'அவரா? அவரு பாத்தாக்கூடத் தரையப் பாத்துத்தானே பேசுவாரு'ங்கறா. அவ குடுக்க வேண்டிய வேண்டுதல் பாக்கி ஒண்ணு இருக்கு சார், எங்க பொண்ணு பொழச்சு வந்ததுக்கு. கடைசி வரிசையில அவள விடறேன், நீங்க அவ பின்னாலயே வந்தீங்கன்னா போதும். வேற எவனும் நெருங்காம. இருங்க, அவகிட்டயே சொல்லிருங்க." தடுப்பதற்குள் துண்டில் கையைத் துடைத்து, போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிப் பலகையில் பவுடர் டப்பாவின்மேல் சாய்த்து வைத்துவிட்டான். "என்னங்க?" என்றது போன். "சார் இங்கதான் இருக்காரு, பேசு." குக்கர் விசில் ஒன்று அடித்து அடங்கியது. பிறகு, "சார், வணக்கம். இவரு பாட்டுக்கு அளக்கறாரா, நெசமாவே நீங்கதான் பின்னால வர்றீங்களா? நீங்கன்னா சொல்லுங்க, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள காப்புக் கட்டிக்கறேன். கட்டிட்டா அப்புறம் எடுத்துத்தான் ஆகணும் சார், அதான் கேக்கறேன்."

கேட்டு முடித்துவிட்டாள். பதில் சொல்லவேண்டும், இதோ, இந்த நொடி. ஆனால் இந்த நொடி ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது, கடைவீதி முனை மாதிரி அல்லவா சுருங்கியிருக்கவேண்டும். ஆகட்டும் தாயி என்று சொல்! ஏன் சொல்லக் கூடாது? மூன்று வருஷம். ஒரு தடவைகூட இல்லை. மாத்திரை தவறவில்லை. திருடனுக்குத்தானே பூட்டு எங்கே பலவீனம் என்று தெரியும், உன்னைவிட யாருக்கு அந்த நாய்களை அடையாளம் தெரியும், காலியான வண்டியை விட்டுவிட்டு நிற்கிற ஒவ்வொருவனையும் நீ நூறடி தூரத்தில் கண்டுபிடிப்பாயே, கயிற்றை இழுத்துப் பிடித்து, மார்பை விரித்து, முந்நூறு பெண்களுக்குச் சுவராக நின்று, அன்றோடு எல்லாம் கழுவப்பட்டு, அம்மன் முன்னால், ஊர் முன்னால், இவள் முன்னால். ஆஹா, எத்தனை அழகாக வருகிறது. உள்ளங்கால்வரை ஜிலீர் என்கிறது. இதற்கு முன்னால் எப்போது இத்தனை அழகாக வந்தது? நடைமேடையில், இரண்டாவது ரயிலின் கதவு மூடும்போது. அப்போதும் காரணம் இருந்தது, அப்போதும் மனசு பேச்சாளன் மாதிரி பேசியது, அப்போதும் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால். இப்போதும் அங்கேதான். வழி மட்டும் கோயில் வழி. அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்கிற நினைப்புக்குள்ளே கடைவீதி முனையின் அகலம் எத்தனை அடி என்று ஒருவன் காலையிலிருந்து அளந்துகொண்டிருக்கிறானே, அவன் யார்? தலைவர் கண்ணைப் பற்றி என்ன சொல்லியிருந்தால் என்ன, அவர் பார்த்த கையும் பொய், கண்ணும் பொய். சரி, வரமாட்டேன். காய்ச்சல் என்று சொல்லலாம். திருச்சியில் வேலை என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. முடிந்தது, யாருக்கும் சேதமில்லை. இல்லாவிட்டால் உண்மையையே இங்கேயே கொட்டிவிடலாமா, அம்மா, நான் அந்த நாய்களில் ஒருத்தன் என்று? தொண்டைவரை வந்துவிட்டது, சொன்னால் எவ்வளவு இலேசாக இருக்கும், யாருக்கு இலேசாக இருக்கும், உனக்கு. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, கேட்காத ஒன்றை, வேண்டாத ஒன்றை, திடீரென்று பின்னாலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன பெயர்?

"நான் வரலம்மா" என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "என்னை நம்பிக் காப்புக் கட்டாதீங்க." ராசப்பனின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன சார், நேத்துத்தானே..." பிறகு, "ஏன் சார், நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனா?" என்று அவள் கேட்டாள், கேட்ட விதத்தில் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டது தெரிந்தது. "இல்லம்மா, இல்ல. நீங்க கேட்டது ரொம்பச் சரி. நிக்கத் தகுதி இல்லாதவன் நான். அது என் சங்கதி, உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பின்கயிறு பொம்பளைங்க கையிலயே இருக்கணும். உங்களுக்கு நம்பிக்கையான நாலு பேரு." அவள் சிரித்தாள். சந்தோஷமில்லாத, பழகிப்போன சிரிப்பு. "இத நாங்க நாலு வருஷமாக் கேக்கறோம் சார். நானும் மேலத்தெரு சரோஜாக்காவும் போயி நின்னோம் தலைவர்கிட்ட. 'பொம்பளைங்க கயிறு பிடிச்சா ஊரு சிரிக்கும்மா, நல்ல ஆம்பளையாப் பாத்துப் போடறேன்'னாரு. போன வருஷமும் நல்ல ஆம்பளையாப் பாத்துத்தான் போட்டாரு. இந்த வருஷம் உங்களப் போட்டாரு. நீங்க இல்லன்னா அஞ்சு மணிக்குள்ள இன்னொரு நல்ல ஆம்பளையப் புடிச்சுருவாரு. சரி விடுங்க சார், பருப்பு தீயுது." போன் அணைந்தது.

நல்ல ஆம்பளையாப் பாத்து. பெரியவர் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறார். இஸ்திரி போட்ட சட்டையாக, கையில் ஃபைலாக, தரையைப் பார்த்துப் பேசுகிறவனாக. நூறு பேர் போய் ஐயா உங்கள் கணிப்பு தவறு என்று சொன்னாலும் மேல்துண்டால் துடைத்துவிடுவார், கம்பத்தில் ஏறாமலே கரண்ட் வருகிறதா இல்லையா என்று வெறுமனே பார்த்தே சொன்னவராம், மனுஷனைத் தெரியாதா. அவர் கணிப்பு எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு ஊரில் ஒரே ஒரு அத்தாட்சிதான் உண்டு. அது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னால் அந்த அத்தாட்சி அவருக்குக் கிடைக்காது. சொன்னால்? சொன்னால் அக்கா. அக்கா காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே நாலு பேரிடம், "எங்க தம்பிதான் பின்கயிறு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, வளையல் குலுங்க. மாடியறை போய்விடும். சார் போய்விடும். இந்த நாற்காலியில் இனி ராசப்பன் உட்காரச் சொல்லமாட்டான், சொல்லவும் கூடாது. நெஞ்சு அடிக்கிறது, இன்னும் அதே வேகம், கொஞ்சமும் குறையவில்லை. இது பயமா, அதுவா, இரண்டும் கலந்த இன்னொன்றா, பெயர் தெரியவில்லை, பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, காலை எங்கே வைக்கிறோம் என்று தெரிந்தால் போதும் என்று டாக்டர் சொல்வார், அவருக்கு முதலில் போன் செய்யவேண்டும், சந்தோஷமாக இருக்கிறேன் டாக்டர், பயங்கரமாக, நேற்றிலிருந்து, சொல்லாமல் வைத்திருந்தேன். ராசப்பன் ஈரத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான், இந்தத் தடவை எதுவும் சொல்லாமல், அவன் கண்ணைப் பார்க்காமல். "என்ன சார் தகுதி அது இதுன்னு... எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான் கடைசியில். உலகநாதன் இரண்டு டீ கிளாஸோடு உள்ளே வந்து, "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை தூக்கலாப் போடச் சொன்னேன்!" என்றார். இளம்பரிதி டீயை வாங்கவில்லை. எழுந்தான். சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

தெருவில் இறங்கி டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, அக்காவிடமும் அதன்பிறகு தலைவரிடமும் தான் எதற்காக ஐந்து மாதம் சிறையில் இருந்தோம் என்பதைச் சொல்வது என்றும், பின்கயிற்றைத் தமயந்தியும் சரோஜாக்காவும் காட்டுகிற பெண்கள் கையில் கொடுப்பதாகத் தலைவர் சொல்லும்வரை அவர் வீட்டைவிட்டு எழுவதில்லை என்றும் அவன் முடிவு செய்தான்.